ஒரு முறம் நிழல்

வெயிலுகந்தபட்டி விலக்கில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் கண்ணை இடுக்குவார்கள், பிறகு யாரையாவது வைவார்கள்; கண்டக்டரை வைவார்கள், இந்த ஊரில் கட்டிக்கொடுத்த அப்பனை வைவார்கள், நாலு பேர் நிற்க ஒரு கூரை போடத் துப்பில்லாத பஞ்சாயத்தை வைவார்கள், ஆனால் வெயிலை மட்டும் யாரும் வைய மாட்டார்கள், ஏனென்றால் ஊர்த் தெய்வமே வெயிலுகந்த அம்மன், அவளுக்கே கூரை கிடையாது, கூரை போட்ட போதெல்லாம் ஆடிக்காற்று அதைப் பிடுங்கிக் கம்மாயில் கொண்டுபோய் எறிந்திருக்கிறது, ஆத்தாவே வெயிலில் நிற்கும்போது நமக்கென்ன வந்தது என்று கரிசக்காட்டுச் சனம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து பழகிவிட்டது.

அந்த விலக்கில், பங்குனி பிறந்த கையோடு, ஒரு மத்தியானம் செண்பகம் வந்து இறங்கினாள். பட்டணத்து ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். பரீட்சைக்கும் கண்காட்சிக்கும் நடுவில் கிடைத்த விடுமுறை. அந்த விடுமுறையை அவள் ரயிலில் வரும்போதே சந்தைக்காரி கத்தரிக்காயைக் கூறு கட்டுவது போலக் கூறு கட்டி வைத்திருந்தாள்: முதல் கூறு தூக்கத்துக்கு, அடுத்த கூறு அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு, இருக்கிறதிலேயே பெரிய கூறு கடலுக்கு. விடுதித் தோழி மெர்லினும் இன்னும் சிலரும் தனுஷ்கோடிக்குப் போய்க் கடலை மட்டும் வரைவதாகத் திட்டம். மணல் கூட வேண்டாம், படகு வேண்டாம், கடல் மட்டும். கண்காட்சியில் தொங்கப்போகிற அவளுடைய படம் அதுதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அதற்குக் காரணம் ஆசிரியர் சொன்ன ஒரு சொல். அவள் வரைந்த சந்தைக் கூட்டத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் ஆளுங்க யாரும் தரையில நிக்கலையேம்மா, எல்லாம் தொங்குறாங்க," என்றார். உற்றுப் பார்த்தால் உண்மைதான். ஒருத்தருக்கும் காலடியில் நிழல் இல்லை. நிழல் போட அவளுக்கு வரவில்லை. எப்படி வரும்? உச்சி வெயிலில் நிழலென்பது காலுக்கடியில் பயந்து ஒளிகிற பூனைக்குட்டி அளவே இருக்கிற ஊரில் பிறந்தவள் அவள். கடலில் யார் காலும் தரையில் படவேண்டிய அவசியம் இல்லை, ஆகவே கடல். இப்படி ஒரு குறுக்கு வழியை யோசித்து வைத்துக்கொண்டு, அது குறுக்கு வழி என்று தனக்கே தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு, துணிப்பையும் சுருட்டிய காகிதங்களுமாக அவள் சாலையைக் கடந்தாள்.

"வந்துட்டாளா என் ஒதியமரம்," என்றாள் பேச்சித்தாய்.

பேச்சித்தாய் அவளுடைய அம்மா. பூட்டிக் கிடக்கும் தீப்பெட்டி ஆபீசின் நீளமான வெள்ளைச் சுவரை முதுகுக்கு வைத்துக்கொண்டு நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் விற்கிறவள். காலையில் அந்தச் சுவரே நிழல் தரும். மத்தியானம் திரும்பினால் மேற்கு வெயில் மொத்தமும் சுவரில் மோதி அவள் மேல்தான் வந்து விழும். ஒரு கறுப்புக் குடையைக் குச்சியில் கட்டி, சூரியன் சாயச் சாயக் குடையையும் சாய்த்து, பத்துப் பேரிடம் பேரம் பேசி, பதினோராவது ஆளிடம் சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே ஒரு குலை நுங்கைத் தலையில் கட்டி அனுப்புகிற சாமர்த்தியக்காரி. படிக்கப் போகாதவள். படிக்க அனுப்பியவள். ஒதியமரம் என்றது மகளின் உயரத்தை. ஒதியமரம் நெடுநெடுவென்று வளரும், அதன் கட்டை உத்தரத்துக்கும் உதவாது, கலப்பைக்கும் உதவாது, அடுப்பில் வைத்தால் புகை மட்டும் வரும். வாட்டசாட்டமாக வளர்ந்து காரியத்துக்கு ஆகாத பிள்ளைகளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் வைவார்கள். படம் வரைகிற படிப்பு என்று தெரிந்த நாளிலிருந்து செண்பகத்துக்கு அதுதான் பெயர். வெளியாட்கள் யாராவது அப்படிக் கூப்பிட்டால் பேச்சித்தாய் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போவாள் என்பது வேறு விஷயம்.

"லீவுல என்ன செய்யப் போற?"

"கடல் வரையப் போறேன்ம்மா."

"உப்புத் தண்ணிய வரைஞ்சு யாருக்குட்டி ஊத்தப் போற? இந்தா, குடையப் பிடி, நான் ஒரு வாய் சோறு திங்கேன்."

குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் செண்பகத்துக்கு அந்த யோசனை வந்தது. குடை நிழலில் அம்மாவின் கை என்ன நிறம்? கறுப்பு என்று சொல்லிவிடலாம், பொய். நீலம் கலந்த ஒரு கறுப்பு, அதற்குள் கொஞ்சம் செம்மண், வெள்ளரிக்காய் பக்கத்தில் வரும்போது அதில் ஒரு பச்சை. நிழல் காலி இடம் இல்லை, அது ஒரு சரக்கு, கனம் உள்ள சரக்கு என்று அவளுக்குப் பட்டது. கடலுக்குப் போவதற்கு முன்னால் கையைப் பழக்கிக்கொண்டால் என்ன?

மறுநாள் விடிந்ததும், சுவர் நிழல் இருக்கும்போதே, அவள் ஆரம்பித்தாள். கையில் வண்ணம் தீர்ந்திருந்தது. அம்மா வெள்ளைச் சேலைக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒரு புட்டி இருந்தது, அடுப்புக்கரி இருந்தது, பஞ்சாயத்துத் தொட்டிக்கு அடித்து மிச்சமான சுண்ணாம்பு இருந்தது. மூன்றையும் வாளியில் கரைத்து, பனமட்டையின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, அவள் சுவரில் ஒரு மரத்தின் நிழலை வரைந்தாள். மரத்தை வரையவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரம் நின்றால், மேற்கு வெயிலில் அதன் நிழல் இந்தச் சுவரில் எப்படி விழும், அதை மட்டும் வரைந்தாள். அடிமரம், மேலே ரெண்டாகப் பிரிகிற கவை, கவையிலிருந்து கொம்பு, கொம்பெல்லாம் இலை, இலைக்கு நடுவே வெயில் ஒழுகுகிற பொத்தல். என்ன மரம் என்று அவள் யோசிக்கவில்லை. பெயரை வரையாதே, பார்த்ததை வரை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"மரத்த விட்டுட்டு நெழல மட்டும் வரையுதா பாரு, புருசன விட்டுட்டு அவன் சட்டைக்குக் கழுத்த நீட்டுன மாதிரி," என்றாள் பேச்சித்தாய்.

அன்றைக்கு மத்தியானம் கோவில்பட்டி வண்டி வந்தது, போனது. வழக்கமாக அந்த வண்டி போனதும் குடையைச் சாய்க்கிற பேச்சித்தாய் சாய்க்கவில்லை. எட்டயபுரம் வண்டி வந்தது; அப்போது அவள் குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுங்கின் மேல் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. சீவுகிற அரிவாளின் மேலும் ஆடியது. ஆட்டோக்காரன் சூசை வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றான். அவன் காக்கிச் சட்டையிலும் இலை இலையாக நிழல் விழுந்தது.

"என்ன மதினி, குடைய மடக்கிட்டீக?"

"நெழலு கெடக்கு. பெறகு எதுக்குக் குடை?"

சூசை சுவரைப் பார்த்தான், திரும்பிச் சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஒரு மைல் கல்லும் அதன் மேல் ஒரு காக்காயும் இருந்தன.

"மரத்தக் காணுமே."

"ஒனக்கெதுக்கு மரம்? ஊஞ்சல் கட்டப் போறியா? நிக்கிறதுன்னா நில்லு, இல்லாட்டி நகரு, காத்த மறைக்காத."

சூசை நின்றான். அவ்வளவுதான். ஊருக்கு நிழல் வந்த கதை இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

வந்த பிறகு நடந்ததுதான் பெரிய கதை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை, எனக்கு எங்கே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். முதலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்தார்கள், பிறகு பஸ்ஸே தேவைப்படாதவர்கள் வந்தார்கள், ஆடுகள் வந்தன, ஆட்டைத் தேடிக்கொண்டு ஆட்டுக்காரர்கள் வந்தார்கள், தையல்காரர் தையல் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், டிரைவர்கள் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி எஞ்சின் மேல் நிழல் விழும்படி நிறுத்தினார்கள். பந்தியில் போடுவது போல விடியற்காலமே துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். துண்டை யாரோ எடுத்து யாரோ கட்டிக்கொண்டு போனதில் ஒரு கைகலப்பு. அதில் குரலை உயர்த்தியவள் பேச்சித்தாய்தான். நிற்கிறவர் முன்னால், உட்காருகிறவர் பின்னால், கைப்பிள்ளைக்காரிகள் அடிமர நிழலில், துண்டு போட்டால் அந்தத் துண்டு வெள்ளரிக்காய் துடைக்க எடுத்துக்கொள்ளப்படும் என்று அவள் கத்தியதே சட்டமாகிவிட்டது. அங்கே ஒரு காலத்தில் மரம் இருந்ததாகவும், அதைத் தன் தாத்தா வைத்ததாகவும் ஒருவர் சொன்னார். இல்லை, என் தாத்தா என்று இன்னொருவர். ரெண்டு தாத்தாக்களும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் குழி தோண்டியிருக்கலாம் என்று சூசை சமாதானம் செய்து வைத்தான். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து நிழலை நீள அகலம் அளந்து, மரம் யார் பட்டாவில் இருக்கிறது என்று கேட்டார். இல்லாத மரத்துக்கு எதுக்குய்யா பட்டா என்று பேச்சித்தாய் கேட்டதும், நியாயம்தான் என்று நுங்கு தின்றுவிட்டுப் போனார். ரேஷன் கடைச் சுவரிலும் ஒன்று போடு தாயி என்று செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே வாளி, அதே மட்டை, அதே நீலம். ஆனால் அது வெறும் சுவர்ப் படமாகவே காய்ந்தது. ஊருக்கு ஒன்று போதும்தான் என்று அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மெர்லின் போனில் கூப்பிட்டாள். "என்னப்பா, டிக்கெட் போடவா?"

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள் செண்பகம். மறுநாளும் அதையே சொன்னாள். ஏனென்றால் அவள் வரைந்துகொண்டிருந்தாள். நிழலில் நிற்கிற கால்களை வரைந்துகொண்டிருந்தாள்; வெடிப்புக் கால், ரப்பர் செருப்புக் கால், மெட்டி போட்ட கால், ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி நிற்கிற சோம்பேறிக் கால். நிழல் விழுந்த இடத்தில் கால் தரையில் ஊன்றுகிறது என்பதை, சொல்லிக் கேட்டால் சாதாரணமாக இருக்கிற அந்த விஷயத்தை, அவள் கை கண்டுபிடித்திருந்தது. அதைவிட முக்கியமாக, அம்மா மத்தியானச் சோற்றை உட்கார்ந்து தின்றாள். குடையைச் சாய்த்துச் சாய்த்துக் காய்ப்பேறியிருந்த வலது கை சும்மா மடியில் கிடந்தது. அப்படிக் கிடந்து செண்பகம் பார்த்ததே இல்லை. கடல் எங்கே போய்விடப் போகிறது, அது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் மைக்செட் கோமதிநாயகம் வந்தார்.

கோமதிநாயகத்துக்கு மைக்செட், சீரியல் லைட், பந்தல் எல்லாம் சொந்தம். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாமிக்கு எந்தக் கிழமையில் கோபம் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் நிழலுக்குள் வரவில்லை. வெளியே வெயிலில் நின்று, சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து முன்னால் நின்ற ரெண்டு பேர் அவர்களை அறியாமல் செருப்பைக் கழற்றினார்கள். அவ்வளவு போதும், காரியம் கெட்டது.

"இலையப் பாருங்கப்பா. இது வேம்பு. ஆத்தா வந்து நிக்கா. நீங்க என்னடான்னா அவ மடியில உக்காந்து பீடி குடிக்கிய."

ஒரு முனகல் எழுந்தது. பீடிகள் அணைந்தன. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெயிலுக்குப் போனாள். கோமதிநாயகம் இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். வர்ற செவ்வாய்க்கிழமை துணி கட்டி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, பங்குனிப் பொங்கலை இங்கேயே வைத்துவிடுவது என்றார். மைக்செட் அவர் உபயம்.

பேச்சித்தாய் அரிவாளைக் கீழே வைத்தாள். அவள் யாரிடமும் தோற்றவள் இல்லை, ஆனால் ஆத்தாளுக்கு வருஷா வருஷம் அக்கினிச் சட்டி எடுக்கிறவள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். பிறகு பேரத்தை ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, நம்ம ஆத்தா பேரு என்ன?"

"வெயிலுகந்த அம்மன்."

"வெயில உகந்தவ நெழலுக்கு ஏன் வாரா?"

கூட்டத்தில் சிலர் அதானே என்றார்கள். கோமதிநாயகம் அசரவில்லை. "எத்தன காலம் நிப்பா வெயில்ல? களச்சுப் போனா. அவளுக்கு மட்டும் ஒடம்பு இல்லையா?"

இதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பேச்சித்தாய்க்கே பாவமாகப் போய்விட்டது.

"சரி, ஆத்தாளுக்குப் பாதி. அந்தக் கவைக்கு மேல அவளுக்கு. கீழ சனத்துக்கு."

"சாமிகிட்டயே பேரமாத்தா?"

"யார்கிட்டயும் பேசுவேன். பேசாம வாங்குன எந்தச் சரக்கும் உருப்பட்டதில்ல."

"கோயிலுன்னா கோயிலு. பாதிக் கோயில் எங்கயாவது உண்டா?" என்றார் அவர். "நீ வேணும்னா வேலிக்கு வெளிய உக்காந்து பூ மால வியாபாரம் பாரு. குடைதான் இருக்கே."

குடை என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சித்தாயின் கை தானாக மடியிலிருந்து எழுந்து, சுவரில் சாத்தியிருந்த குடையைத் தொட்டுப் பார்த்ததைச் செண்பகம் கண்டாள். ஒரு மஞ்சள் துணி, ஒரு முடிச்சு, அவ்வளவுதான். அதன் பிறகு அம்மா மறுபடி வெயிலில்.

சூசைதான் பேச்சைத் திருப்பினான். "வேம்புன்னு நீங்க சொல்லுதீக அண்ணாச்சி. வரைஞ்ச பிள்ள இங்கதான நிக்கி. அவகிட்டக் கேப்போம்."

எல்லோரும் செண்பகத்தைப் பார்த்தார்கள். "சொல்லு தாயி. அது என்ன மரம்?"

அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் வேம்பு என்று முடிந்துவிடும். அரசு என்றால் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிடுவார், வில்வம் என்றால் சிவன், வன்னி என்றாலும் யாராவது உண்டு. புளி என்று சொல்லலாம், ஆனால் புளிய நிழலில் முனி உண்டு என்று மத்தியானத்தில் ஒரு கைப்பிள்ளைக்காரியும் அண்ட மாட்டாள். சாமியும் பேயும் பாகம் பிரித்துக்கொண்டது போக, வெறும் மனுசருக்கென்று ஒரு மரத்தைக்கூட இந்த ஊர் விட்டுவைக்கவில்லையா? அவள் சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"இன்ன மரம்னு சொல்லுறதுக்கு இம்புட்டு நேரமா? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேண்டி ஒதியமரம்!" என்று கத்தினாள் பேச்சித்தாய்.

"அதேதான்," என்றாள் செண்பகம்.

"எது?"

"ஒதியமரம். நான் வரைஞ்சது ஒதியமரம்."

முதலில் சூசை சிரித்தான், தையல்காரர் சிரித்தார், வெயிலில் நின்ற கைப்பிள்ளைக்காரி பிள்ளை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஒதியமரத்துக்கு மஞ்சள் துணியா? ஒதியமரத்துக்கு மைக்செட்டா? உத்தரத்துக்கு ஆகாததில் எந்தச் சாமி குடியிருக்கும், எந்தப் பேய்தான் தொங்கும்? கோமதிநாயகம் சுவருக்குக் கிட்ட வந்து இலையை எண்ணுவது போலப் பார்த்தார். ஒதிய இலையும் தூரப் பார்வைக்கு வேம்பு மாதிரிதான், ஈர்க்கில் வரிசையாக நிற்கும். கையிலிருந்த மஞ்சள் துணியை என்ன செய்வது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செருப்பை மாட்டினார். போகிற போக்கில், திரும்பாமல், ஒன்று சொன்னார்.

"ஒதியமரம்னா பங்குனியில மொட்டையால்ல நிக்கும்?"

அதை யாரும் காதில் வாங்கவில்லை. நிழல் வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை சுவரில் வெறும் கொம்புகள்தான் இருந்தன. அத்தனை இலையும் இறங்கியிருந்தது. இலை என்றால் இலை இல்லை, இலையின் நிழல். சுவர் நெடுகத் தரையில் கணுக்கால் முழுகும் அளவுக்கு நீலக் கறுப்பாகக் குவிந்து கிடந்தது. காற்று வந்தால் சரசரவென்ற சத்தம் இல்லாமல் அலை போலப் புரண்டது. மத்தியான வெயில் கொம்புகளுக்கு நடுவே அடித்துப் பெய்தது. ஊரே திரண்டு வந்து செண்பகத்தைப் பிடித்துக்கொண்டது.

"நல்லா இருந்த நெழல வாய வச்சுக் கொட்டிட்டியே பாவி!"

"வேற மரம் பேரே கெடைக்கலையா ஒனக்கு? பச்சையா நிக்கிற மரம் ஒண்ணு ஒம் படிப்புல இல்லையா?"

செண்பகம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, வெறுங்கொம்பில் இலை வைத்துப் பார்த்தாள். வைத்த இலை எல்லாம் வைத்த இடத்தில் பெயிண்டாக நின்றது, ஒன்றுகூட ஆடவில்லை.

"எவன்டா எம் மகளப் பேசுதது?" என்ற குரல் கேட்டது. பேச்சித்தாய் சேலையை வரிந்து கட்டியிருந்தாள், ஒரு கையில் விளக்குமாறு, மறு கையில் முறம். "மரம்னா இலை கொட்டத்தான் செய்யும். கொட்டுனது தளிர்க்காமயா போகும்? ஒங்க தலைமுடி கொட்டலையா, அதுக்காகத் தலையவா வெட்டிக்கிட்டீக? கொட்டுனதக் கூட்டி அள்ளத் தெரியாம நின்னு கூப்பாடு போடுதாக, தூ!"

அவள் கூட்டினாள். விளக்குமாற்றுக்கு அது வந்தது. ஈரத் துணி போலச் சுருண்டு வந்தது, முறத்தில் அள்ளினால் முறம் கொஞ்சம் கனத்தது, கை வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. சுவரோரம் ஒரு குவியலாகக் குவித்து, சாக்கைப் போட்டு மூடி, மேலே உட்கார்ந்துகொண்டாள். பிறகு வியாபாரம் வழக்கம் போல நடந்தது. நுங்கு வாங்குகிறவர்களுக்கு நுங்கு, வெள்ளரிக்காய் வாங்குகிறவர்களுக்கு வெள்ளரிக்காய், போகும்போது கொசுறாக ஒரு கை நிழல். காசுக்கு நிழல் விற்பதில்லை என்று சொல்லிவிட்டாள். கொசுறுக்கு மட்டும்தான். "இன்னும் கொஞ்சம் போடு அக்கா" என்று கெஞ்சியவர்களிடம், கறிவேப்பிலைக்குப் பேசுவது போல ஒரு இணுக்குக்கும் பேசி, கடைசியில் கேட்டதற்கு மேலேயே போட்டாள்.

அதை வாங்கிக்கொண்டுபோய் ஊர் என்னென்னமோ செய்தது. தலைத்துண்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு களை வெட்டப் போனார்கள். தொட்டிலுக்கு அடியில் பரப்பினார்கள். சூசை ஆட்டோவின் சீட்டுக்கடியில் வைத்தான், ஏறிய சவாரி இறங்க மறுத்தது. பஞ்சாரத்துக்குள் போட்டதில் கோழிகள் சாயங்காலம் என்று நினைத்துப் பட்டப்பகலில் அடைந்துவிட்டன. ஆத்தாளுக்கும் ஒரு பங்கு போயிற்று. பேச்சித்தாயே ஒரு முறம் நிறைய எடுத்துக்கொண்டுபோய், கூரையில்லாத அம்மனின் காலடியில் கொட்டி, "களச்சுப் போனேன்னு சொன்னாக. வேணும்னா வச்சுக்க, வேண்டாம்னா காத்துல விட்டுரு," என்று சொல்லி வந்தாள். ஆத்தா காற்றில் விடவில்லை.

ஒரு மத்தியானம் கோமதிநாயகம் தயங்கித் தயங்கி வந்து நுங்கு கேட்டார். தின்று முடித்தும் போகவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"பொங்கலுக்கு ராத்திரி பகலா செட்டு ஓடுது. ஆம்பிளிபையரு ரொம்பச் சூடாகுது. அதுக்கு அடியில வைக்க…"

பேச்சித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பேசுவதற்கு எத்தனையோ இருந்தது, நாக்கு நுனி வரைக்கும் வந்ததும் தெரிந்தது. முறத்தை எடுத்து, தட்டாமல், தலை தட்டாமல், கோபுரமாக அள்ளி அவர் துண்டில் கொட்டினாள். "பாட்டுச் சத்தத்த மட்டும் கொறச்சு வைய்யும்," என்றாள்.

செண்பகம் அதை வரைந்தாள். துண்டை ஏந்திக்கொண்டு நிற்கிற கோமதிநாயகத்தையும், முறத்தைச் சாய்க்கிற அம்மாவையும், ரெண்டு பேருடைய கால்களையும் வரைந்தாள். கால்கள் நின்றன. கரிசல் மண்ணில் வேர் விட்ட மாதிரி நின்றன. மெர்லினுக்குப் போன் போட்டு, "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்க கடல் இருக்கு" என்றாள். "ஒங்க ஊர்ல ஏதுப்பா கடல்?" என்று மெர்லின் சிரித்தாள். விளக்கிச் சொல்லச் செண்பகத்துக்கு நேரமில்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

விடுமுறை முடிகிற அன்றைக்கு முந்தின சாயங்காலம் ஒரு கோடை மழை. மண்ணை நனைத்துவிட்டு ஓடிப்போகிற மழைதான். காலையில் பையும் சுருட்டிய படங்களுமாகச் செண்பகம் விலக்குக்கு வந்தபோது, பேச்சித்தாய் சுவருக்கு மூக்கை ஒட்ட வைத்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கொம்பின் நுனியில், எலிக் காது அளவுக்கு, ரெண்டு நிழல் துளிர்த்திருந்தது. செண்பகம் வைத்த பெயிண்ட் இலைகளுக்குப் பக்கத்தில் அது காற்றில் லேசாக நடுங்கியது.

"பாத்தியா?" என்றாள் பேச்சித்தாய், அதட்டுகிற குரலில். "பாத்தியா, ஒதியமரத்த?"

சுவரைப் பார்த்துத்தான் சொன்னாளா, மகளைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை. தலைக்குமேல் ஒரு சாண் உயர்ந்து நின்ற மகளின் கன்னத்தை எட்டித் தடவி, அந்தக் கையை உடனே சேலையில் துடைத்துக்கொண்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பைக்குள் திணித்தாள்.

"என்னம்மா இது?"

"கொசுறு. போற வழியில வெயிலடிக்கும்."

வண்டி கிளம்பியது. கிடைத்தது வெயில் பக்கத்து ஜன்னல் சீட்டுதான். கண்டக்டர் வந்து, "எங்கம்மா ஏறுன?" என்றார்.

வெயிலுகந்தபட்டி விலக்கு என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லி வந்திருக்கிறாள். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"ஒதியமரம்."

கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கொஞ்ச நாளாக அப்படித்தான் கூவிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஒதியமரம் ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

செண்பகம் மடியில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். மடி குளிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண், பெரிய பூக்கூடையும் வியர்வையுமாக இருந்தவள், அதைப் பார்த்தாள், வெளியே வெயிலைப் பார்த்தாள், கூடையை நகர்த்தி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இங்கிட்டும் கொஞ்சம் பரப்பி விடு தாயி," என்றாள், "பூ வாடுது."